கொசுவத்தியும் கரப்பான் ஸ்ப்ரேயும் பிள்ளையின் எதிர்ப்புச் சக்தியைக் கெடுக்குமா?

கேள்வி: மலேசியாவின் சிலாங்கூரில், பெஸ்தாரி ஜெயாவில் தாமான் (குடியிருப்புப் பகுதி) வீட்டில் இருக்கிறோம். வேலிக்குப் பின்னால் செம்பனைத் தோட்டம். மகனுக்கு மூன்று வயது. மாதம் தவறாமல் சளி, இருமல். கொசு அதிகம் என்பதால் ராத்திரி முழுக்க அறையில் கொசுவத்தி எரிகிறது. கரப்பானுக்கு மாமியார் வாரம் இரண்டு தடவை ஸ்ப்ரே அடிக்கிறார். வீட்டுக்காரருக்குத் தோட்டத்தில் மருந்தடிக்கும் வேலை. இதெல்லாம் சேர்ந்து பிள்ளையின் எதிர்ப்புச் சக்தியைக் கெடுத்துவிட்டதா? கேட்டால் மாமியார், "தோட்டத்து லயத்தில் நாங்கள் இதைவிட மோசமாக வளர்த்தோம், பிள்ளைகளுக்கு என்ன ஆகிவிட்டது?" என்கிறார்.

பதில்:

தங்கச்சி, உங்கள் கேள்வியைப் படித்ததும் எனக்கு என் அம்மா ஞாபகம்தான் வந்தது. அதைப் பிறகு சொல்கிறேன். நான் அரசாங்க கிளினிக்கின் மருந்தகத்தில் முப்பது வருடத்துக்குப் பக்கமாக வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். அதற்கு முன்னால் இதே வட்டாரத்தில், ஊருக்குப் பத்தாங் பெர்ஜுந்தை என்று பெயர் இருந்த காலத்தில், தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவள்.

பானையில் தண்ணீர் வற்றுவதுபோல எதிர்ப்புச் சக்தி வற்றிக்கொண்டே போகும் என்று நிறைய பேர் நினைக்கிறார்கள். வீட்டில் அடிக்கிற மருந்தால் பிள்ளைகளுக்கு அப்படி ஆகிறது என்பதற்குச் சான்று மெலிதாகத்தான் இருக்கிறது. ஆனால் மூச்சுக்குழாய் எரிச்சலாகி இருமல் நிற்காமல் போவது, உடம்பு ஒவ்வாமைப் பக்கம் சாய்ந்து ஆஸ்துமாவுக்கு வழி விடுவது, இந்த இரண்டுக்கும் சான்று நன்றாகவே இருக்கிறது. அதனால் உங்கள் மகனுக்கு வருகிற இருமல் கிருமியால் வருகிறதா, புகையாலும் மருந்தாலும் வருகிறதா என்பதைத்தான் முதலில் பிரித்துப் பார்க்க வேண்டும்.

மூன்று வயதுப் பிள்ளைக்கு வருடத்தில் ஆறு முதல் எட்டு தடவை சளி பிடிப்பது வழக்கமானதுதான். தாஸ்கா என்கிற குழந்தைப் பராமரிப்பு நிலையத்துக்குப் போகிற பிள்ளை என்றால் பத்து, பன்னிரண்டு தடவைகூட வரும். மாதம் ஒரு சளி என்பதை மட்டும் வைத்து எதிர்ப்புச் சக்தி போய்விட்டது என்று முடிவு கட்டாதீர்கள். ஒரு நாட்காட்டியில் எழுதி வையுங்கள். காய்ச்சலோடு வந்ததா, மூக்கு ஒழுகியதா, வீட்டில் வேறு யாருக்கும் இருந்ததா, இருமல் பகலிலா ராத்திரியிலா? காய்ச்சல் இல்லாமல், மூக்கும் ஒழுகாமல், படுத்த பிறகு மட்டும் இருமுகிறான் என்றால் அந்த அறையைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும்.

பிள்ளைகளின் உடம்பு ஏன் இதற்கு இவ்வளவு இடம் கொடுக்கிறது? பிறந்த குழந்தைக்கு அம்மாவிடமிருந்து வந்த எதிர்ப்புப் பொருள்கள் முதல் சில மாதங்களுக்குக் காவல் நிற்கும். பிறகு அவை கரைந்துவிடும். அதற்குள் குழந்தையின் உடம்பு சொந்தமாகப் படிக்க ஆரம்பிக்க வேண்டும். நெஞ்செலும்புக்குப் பின்னால் தைமஸ் என்று ஒரு சுரப்பி இருக்கிறது. டி செல்கள் எனப்படும் வெள்ளை அணுக்கள், எது நம் உடம்பு, எது அந்நியம் என்று பாடம் கற்பது அங்கேதான். சின்ன வயதில் அது பெரிதாக, சுறுசுறுப்பாக இருக்கும். பெரியவர்களுக்குச் சுருங்கிவிடும்.

இன்னொன்று, கருவில் இருக்கும்போது தாயின் உடம்போடு மோதல் வராமல் இருக்க, குழந்தையின் எதிர்ப்பு மண்டலம் ஒவ்வாமை வகை எதிர்வினையின் பக்கம் கொஞ்சம் சாய்ந்தே இருக்கும். பிறந்த பிறகு கிருமிகளைச் சந்திக்கச் சந்திக்க மற்றப் பக்கம் பலமாகி, தராசு நேராகும். அந்தப் படிப்பு நடக்கிற வருடங்களில்தான் வீட்டுக்குள் நாம் மருந்து அடிக்கிறோம்.

கலிபோர்னியாவின் சலினாஸ் பள்ளத்தாக்கில், பெரும்பாலும் மெக்சிக்கோவிலிருந்து வந்த விவசாயத் தொழிலாளிக் குடும்பங்களின் பிள்ளைகளைக் கருவிலிருந்தே பெர்க்லி பல்கலைக்கழகத்தார் தொடர்ந்து கவனித்து வருகிறார்கள். நம் தோட்டப் பிள்ளைகளின் நிலைமைக்கு ரொம்ப நெருக்கமான ஆய்வு அது. இரண்டு வயதில் ரத்தம் எடுத்துப் பார்த்தபோது, வயல் வேலை செய்த தாய்மார்களின் பிள்ளைகளிடம் ஒவ்வாமைப் பக்கத்து டி செல்கள் கூடுதலாக இருந்தன. ஏழு வயதில் ஊதச் சொல்லிப் பார்த்தார்கள். சின்ன வயதில் சிறுநீரில் ஆர்கனோபாஸ்பேட் என்ற பூச்சிமருந்து வகையின் கழிவு அதிகமாக இருந்த பிள்ளைகளின் நுரையீரல் பலம் மற்றவர்களைவிடக் குறைவாக இருந்தது. அதே ஆய்வில் தெரிந்த இன்னொரு விஷயம்: இந்த வகை மருந்தை உடைத்துப் போடுகிற ஒரு நொதி நம் ரத்தத்தில் உண்டு. பிள்ளைகளுக்கு அது ஏழு வயதில்கூடப் பெரியவர்கள் அளவுக்கு வருவதில்லை. ஒரே அளவு மருந்து பட்டாலும் உங்களுக்கு இறங்குகிற வேகத்தில் அவனுக்கு இறங்காது.

சரி, உங்கள் வீட்டுக்கு வருவோம். இப்போது கடையில் கிடைக்கிற கொசுவத்தி, மின்சாரத்தில் செருகும் மேட், கரப்பான் ஸ்ப்ரே எல்லாவற்றிலும் பெரும்பாலும் இருப்பது பைரெத்ராய்டு வகை. செவ்வந்திக் குடும்பத்துப் பூ ஒன்றில் இயற்கையாக இருக்கும் பொருளைப் பார்த்துச் செயற்கையாகச் செய்தது. வெயிலில் சீக்கிரம் அழிந்துவிடும் என்பதால் இதற்கு நல்ல பெயர். ஆனால் உங்கள் சோபாவுக்கு அடியில் வெயில் படாதே. வீட்டுக்குள் அது தூசியில், பாயில், மெத்தையில், துணிப் பொம்மையில் ஒட்டிக்கொண்டு வாரக்கணக்கில் கிடக்கும். பிள்ளை தரையில் உருண்டு விளையாடுகிறான், கையை வாயில் வைக்கிறான். உடம்பு எடைக்குக் கணக்குப் பார்த்தால் பெரியவர்களைவிட அவன் கூடுதலாக மூச்சு இழுக்கிறான். மாமியார் ஸ்ப்ரே அடிப்பது அடுப்படி மூலைக்கு. அது போய்ச் சேருவது அவன் உள்ளங்கைக்கு.

ஸ்ப்ரே டின்னின் பின்பக்கத்தைப் பாருங்கள். பைபெரோனில் பியூட்டாக்சைடு என்று ஒரு பெயர் இருந்தால் கவனியுங்கள். பூச்சியின் உடம்பு மருந்தை உடைக்காமல் தடுப்பதற்காகச் சேர்க்கிற பொருள் அது. நியூயார்க் நகரத்தில் கொலம்பியா பல்கலைக்கழகம் நடத்திய ஆய்வில், கர்ப்ப காலத்தில் இதை அதிகமாகச் சுவாசித்த தாய்மார்களின் பிள்ளைகளுக்கு ஐந்து, ஆறு வயதில் இருமல் கூடுதலாக இருந்தது. அந்த இருமல் சளியோடும் காய்ச்சலோடும் வருகிற இருமல் அல்ல, கிருமியே இல்லாத இருமல். கிளினிக்கில் எத்தனை தாய்மார்கள் "மறுபடியும் சளி" என்று இருமல் மருந்து வாங்கிப் போயிருப்பார்கள், அதில் எத்தனை உண்மையிலேயே சளி என்று நான் பிற்பாடு நிறைய யோசித்திருக்கிறேன்.

கொசுவத்தி விஷயத்தில் எனக்கு இதைவிடக் கோபம் அதிகம். ஒரு சுருளை உடைத்துப் பாருங்கள். அதில் கொசு மருந்து 0.1 முதல் 0.3 விழுக்காடுதான். மீதி எல்லாம் மரத்தூள், சிரட்டைத் தூள், பசை, சாயம். அதாவது எட்டு மணி நேரம் நீங்கள் எரிப்பது பெரும்பாலும் மரத்தூளை, அதுவும் பிள்ளையின் தலைமாட்டில், கதவைச் சாத்திய அறையில். 2003இல் வெளிவந்த ஓர் ஆய்வு, சீனாவிலும் மலேசியாவிலும் விற்கும் கொசுவத்திகளை எரித்து அளந்தது. மலேசிய புத்ரா பல்கலைக்கழகத்து ஆய்வாளர்களும் தேசியப் பல்கலைக்கழகத்து ஆய்வாளரும் அதில் இருந்தார்கள். ஒரு சுருள் முழுக்க எரிந்தால் வெளிவரும் நுண்துகள், 75 முதல் 137 சிகரெட் எரிவதற்குச் சமம் என்று கண்டார்கள். பார்மால்டிஹைடு வாயு, சில சுருள்களில் 51 சிகரெட் அளவுக்கு வந்தது. உங்கள் வீட்டுக்காரர் பிள்ளையின் கட்டிலருகே ஒரு சிகரெட் பற்ற வைத்தால் விடுவீர்களா?

கலிபோர்னியாவில் 2004இல் வந்த வேறொரு ஆய்வு, ஆஸ்துமா உள்ள பிள்ளைகளையும் இல்லாத பிள்ளைகளையும் ஒப்பிட்டது. முதல் வயதுக்குள் பூச்சிமருந்தோ களைக்கொல்லியோ பட்ட பிள்ளைகளுக்கு ஆஸ்துமா வருகிற வாய்ப்பு இரண்டு மடங்குக்கு மேல் இருந்தது. மரப்புகை பட்டவர்களுக்கும் வாய்ப்பு கூடியது. பெற்றோரின் ஞாபகத்தை வைத்துச் செய்தது என்பதால் அதன் எண்ணை நான் கல்லில் செதுக்க மாட்டேன். ஆனால் திசை ஒன்றுதான்.

புற்றுநோய் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் இணையத்தில் தேடினால் கண்ணில் படும் என்பதால் நானே சொல்லிவிடுகிறேன். ரத்தப் புற்றுநோயும் எதிர்ப்பு அணுக்களைச் சேர்ந்த நோய்தான். 2015இல் பதினாறு ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்ததில், வீட்டுக்குள் பூச்சிமருந்து புழங்கிய பிள்ளைகளுக்கு அந்த வாய்ப்பு 1.47 மடங்கு என்று வந்தது. கேட்கப் பயமாக இருக்கும். ஆனால் அந்த நோய் வருடத்துக்கு ஒரு லட்சம் பிள்ளைகளில் நான்கைந்து பேருக்குத்தான் வருகிறது. நாலு என்பது ஆறு ஆனாலும் அது அரிதான நோயே. இதை நினைத்துத் தூக்கம் கெட வேண்டாம். இருமலை நினைத்து ஸ்ப்ரேயை நிறுத்தினால் போதும், இதற்கும் சேர்த்துத்தான் அது.

இப்போது மாமியார் சொன்னதற்கு வருகிறேன். அவரை எதிர்த்துப் பேச வேண்டாம். அவர் சொல்வதில் ஒரு பாதி உண்மை. லயத்து வீடு பலகை வீடு. சுவரில் விரல் போகிற அளவுக்கு இடுக்கு, மேலே தகரத்துக்கும் சுவருக்கும் நடுவே திறந்த வெளி. எதைக் கொளுத்தினாலும் புகை நிற்காது. இன்றைய தாமான் வீடு செங்கல் வீடு. ராத்திரி கண்ணாடி ஜன்னலை அடைத்து, சிலர் ஏர்கோனும் போட்டு, உள்ளே கொசுவத்தி ஏற்றுகிறோம். அதே பழக்கம்தான், வீடு மாறிவிட்டது.

மற்றப் பாதிக்கு என் அம்மா கதை. அவர் இருபத்திரண்டு வருடம் முதுகில் பம்பைக் கட்டிக்கொண்டு களைக்கு மருந்தடித்தார். அந்தக் காலத்தில் அது பெரும்பாலும் நம் பெண்கள் பார்த்த வேலை. பம்பு ஒழுகும். தோளிலிருந்து இடுப்பு வரை சட்டை நனைந்திருக்கும். அவர் கைவிரல் நகங்கள் முதலில் மஞ்சளாகி, வெள்ளைக் கோடு விழுந்து, பிறகு அடியிலிருந்து கழன்று வரும். சோறு பிசையும்போது அந்த நகமில்லாத விரல்களைப் பார்த்துத்தான் நாங்கள் வளர்ந்தோம். சில நாள் மூக்கில் ரத்தம் வரும், முந்தானையால் துடைத்துக்கொண்டு அடுப்பை ஊதுவார். வேலை முடிந்து வரும் வழியில் ஆயாக்கொட்டகையில் இருந்து தம்பியைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொள்வார். குளித்துவிட்டுத் தூக்கு என்று அவருக்குச் சொல்ல ஆள் இல்லை. தம்பிக்கு ஏழு வயது வரை முழங்கை மடிப்பில் சொறி, மழைக்காலத்தில் இழுப்பு. அந்த மருந்தால்தான் வந்தது என்று ஒரு பிள்ளையை வைத்து நான் சொல்ல முடியாது, சொல்லவும் மாட்டேன். ஆனால் "ஒன்றும் ஆகவில்லை" என்றும் என்னால் சொல்ல முடியாது. இழுப்பும் சொறியும் அன்றைக்கு ஒரு நோயாகவே கணக்கில் இல்லை.

அம்மா அடித்த பராகுவாட் என்ற களைக்கொல்லியை 2002இல் தடை செய்வதாக அரசாங்கம் அறிவித்தது, 2006இல் அந்தத் தடையைத் தளர்த்தியது, கடைசியில் 2020 ஜனவரி முதல் தேதிதான் முழுத் தடை வந்தது. சலினாஸ் பள்ளத்தாக்கில் புழங்கிய ஆர்கனோபாஸ்பேட் வகையைச் சேர்ந்த குளோர்பைரிபாஸ் என்ற பூச்சிமருந்துக்கு இங்கே விவசாயத்தில் 2023 மே மாதம் தடை வந்தது. மலேசியாவில் வணிகத்துக்காக முதன்முதலில் செம்பனை நட்டது 1917இல், உங்கள் ஊருக்குப் பக்கத்துத் தென்னமரம் தோட்டத்தில்தான். அதாவது நம் வட்டாரத்தில் மூன்று நான்கு தலைமுறை இந்தச் செடிக்கு நடுவில் பிள்ளை பெற்று வளர்த்திருக்கிறது.

அம்மா நனைந்த சட்டையோடு தம்பியைத் தூக்கிய கதையைச் சொன்னது இதற்குத்தான்: உங்கள் வீட்டுக்காரரின் வேலையை நான் ஸ்ப்ரேக்கு முன்னால் வைப்பேன். வாஷிங்டன் மாநிலத்து ஆப்பிள் தோட்டத் தொழிலாளிகளின் வீட்டுத் தூசியை, வண்டித் தூசியை, பிள்ளைகளின் சிறுநீரைச் சோதித்தபோது, தோட்டத்தில் அடித்த மருந்து வரிசையாக எல்லாவற்றிலும் இருந்தது. சட்டையிலும் பூட்சிலும் மோட்டார் சீட்டிலும் ஏறி அது வீட்டுக்கு வருகிறது. பூட்ஸ் வாசலுக்கு வெளியே நிற்கட்டும். பின்பக்கம் ஒரு வாளி வைத்து வேலைச் சட்டையை அங்கேயே கழற்றட்டும், குளித்த பிறகு பிள்ளையைத் தூக்கட்டும். அந்தத் துணியைப் பிள்ளையின் துணியோடு சேர்த்து மெஷினில் போடாதீர்கள், தனியாகத் துவையுங்கள். மகன் "அப்பா" என்று ஓடிவரும்போது தள்ளி நில் என்று சொல்ல அவருக்கு மனசு கேட்காதுதான். பத்து நிமிஷம்.

கொசுவை என்ன செய்வது? இதைக் கேட்காமல் கொசுவத்தியை மட்டும் நிறுத்தச் சொல்வது பொறுப்பில்லாத பேச்சு. 2023இல் இந்த நாட்டில் 1,23,133 பேருக்கு டிங்கி வந்தது, நூறு பேர் இறந்தார்கள். ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். டிங்கியைப் பரப்பும் ஏடிஸ் கொசு பெரும்பாலும் பகலில் கடிப்பது, முக்கியமாகக் காலையிலும் அந்திசாயும் நேரத்திலும். நீங்கள் ராத்திரி பதினொரு மணிக்கு ஏற்றுகிற கொசுவத்தி, காதில் ரீங்காரம் போடுகிற வேறு கொசுவுக்குத்தான் அதிகம் போகிறது. அந்தக் கொசுவுக்குக் கொசுவலை போதும். மகனின் கட்டிலுக்கு ஒன்று கட்டுங்கள், பகல் தூக்கத்துக்கும் இறக்கி விடுங்கள். ஜன்னலுக்குக் கம்பிவலை அடிக்க முடிந்தால் ஒரு தடவை செலவு, பல வருடம் நிம்மதி. ஏடிஸ் முட்டையிலிருந்து பறக்கிற கொசுவாவதற்கு ஒரு வாரம் பத்து நாள் ஆகும். ஞாயிற்றுக்கிழமை தோறும் பத்து நிமிஷம் பூந்தொட்டித் தட்டு, ஐஸ்பெட்டிக்குப் பின்னால் இருக்கும் தண்ணீர்த் தட்டு, கூரைப் பீலி, பழைய டயர் இவற்றைக் கவிழ்த்தால் அந்தத் தலைமுறையே பிறக்காது. சுகாதார அமைச்சின் ஆட்கள் புகை அடிக்க வந்தால் தடுக்காதீர்கள். அது பக்கத்தில் நோய் வந்ததால் அடிப்பது. சாப்பாட்டை மூடி வைத்து, பொம்மைகளை எடுத்துவிட்டு, பிள்ளையோடு வெளியே போய், அரை மணி நேரம் கழித்து வந்து எல்லாவற்றையும் திறந்து விட்டுத் தரையை ஈரத்துணியால் துடையுங்கள்.

வேறு வழியே இல்லாமல் ஒருநாள் கொசுவத்தி ஏற்றத்தான் வேண்டும் என்றால், வீட்டுக்கு வெளியே வாசல் தாழ்வாரத்தில் வைத்து ஏற்றுங்கள், பிள்ளை தூங்கும் அறைக்குள் வேண்டாம்.

கரப்பானை விட்டுவைக்கவும் சொல்ல மாட்டேன். கரப்பானின் எச்சமும் உதிர்ந்த தோலும் பிள்ளைகளுக்கு ஆஸ்துமாவைக் கிளப்பிவிடக்கூடியவை. ஸ்ப்ரேக்குப் பதிலாக ஜெல் தூண்டில் வாங்குங்கள், சிரிஞ்சு மாதிரி குழாயில் வரும். கடுகளவு புள்ளியாக அலமாரிக் கீல், சிங்குக்கு அடி, அடுப்புக்குப் பின்னால், பிள்ளையின் கை எட்டாத இடுக்கில் வைக்க வேண்டும். காற்றில் பறக்காது. அமெரிக்காவின் நியூ ஆர்லியன்ஸ் நகரத்தில் 2017இல் வந்த ஆய்வில், வேறு எதையும் மாற்றாமல் இந்தத் தூண்டிலை மட்டும் வைத்த வீடுகளில் கரப்பானும் குறைந்தது, பிள்ளைகளின் ஆஸ்துமாத் தொல்லையும் குறைந்தது. தூண்டில் வைத்த இடத்தில் ஸ்ப்ரே அடித்தால் கரப்பான் அந்தப் பக்கம் வராது, தூண்டில் வீணாகும். மாமியாரிடம் இந்தக் காரணத்தைச் சொல்லுங்கள். அவருக்குக் கரப்பான் சாக வேண்டும், அது இதில்தான் நன்றாகச் சாகும்.

பசார் மாலாமில் (இரவுச் சந்தையில்) விற்கிற எறும்பு சாக்பீஸ் வேண்டவே வேண்டாம். எழுதுகிற சாக்பீஸுக்கும் அதற்கும் பிள்ளைக்கு வித்தியாசம் தெரியாது. எந்தப் பூச்சிமருந்து வாங்கினாலும் லேபிளில் எல்.ஆர்.எம்.பி. என்று தொடங்கும் பதிவு எண் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் 1974ஆம் ஆண்டுப் பூச்சிக்கொல்லிச் சட்டப்படி அதை விற்கவே கூடாது. தோட்டத்திலிருந்து மிச்ச மருந்தைக் குளிர்பான போத்தலில் ஊற்றிக்கொண்டு வந்து வீட்டுப் புல்லுக்கு அடிக்கிற பழக்கம் நம் பக்கம் இன்னும் இருக்கிறது. உங்கள் வீட்டில் அப்படி ஒரு போத்தல் இருந்தால் இன்றைக்கே வெளியே போக வேண்டும். பிள்ளை எதையாவது வாயில் வைத்துவிட்டால் வாந்தி எடுக்க வைக்காதீர்கள். லேபிளைக் கையில் வைத்துக்கொண்டு பினாங்கில் இருக்கும் தேசிய விஷ மையத்தைக் கூப்பிடுங்கள், 1-800-88-8099. மூச்சுத் திணறினாலோ மயங்கினாலோ 999.

ஒரு சின்ன விஷயம். மகன் பிறந்தபோது ஜி6பிடி குறைபாடு (ரத்தச் சிவப்பணுக்களைக் காக்கும் ஒரு நொதி குறைவாக இருப்பது) என்று குழந்தைப் புத்தகத்தில் எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் துணி அலமாரியில் பாச்சை உருண்டையும் கூடாது. அதன் வாடையே ரத்த அணுக்களை உடைத்துவிடும்.

இதையெல்லாம் ஆறு வாரம் செய்து, நாட்காட்டியில் குறித்துக்கொண்டே வாருங்கள். ராத்திரி இருமல் குறைந்தால் உங்களுக்கே பதில் கிடைத்துவிடும். குறையவில்லை என்றாலோ, நெஞ்சில் விசில் சத்தம் கேட்டாலோ ஆஸ்துமாவுக்குப் பார்க்கச் சொல்லுங்கள். வருடத்தில் இரண்டு தடவை நிமோனியா, நான்கு தடவையோ அதற்கு மேலோ காது சீழ், எடை ஏறாமல் நிற்பது, ஆன்டிபயாட்டிக் கொடுத்தும் மாதக்கணக்கில் தீராத தொற்று, இவற்றில் ஏதாவது இருந்தால் ஆறு வாரம் காத்திருக்காதீர்கள். அப்போதுதான் எதிர்ப்புச் சக்தியையே சோதிக்க வேண்டும், குழந்தை நிபுணரிடம் எழுதி அனுப்பச் சொல்லிக் கேளுங்கள். தடுப்பூசி எதையும் தள்ளிப் போடாதீர்கள்.

கிளினிக்குக்குப் போகும்போது நாட்காட்டியை எடுத்துக்கொண்டு போங்கள். கொசுவத்திப் பெட்டி, ஸ்ப்ரே டின், வீட்டுக்காரர் தோட்டத்தில் அடிக்கிற மருந்தின் லேபிள் மூன்றையும் கைப்பேசியில் படம் எடுத்துக் காட்டுங்கள். வீட்டில் என்ன மருந்து அடிக்கிறீர்கள் என்று டாக்டர் கேட்காமல் விடலாம், நீங்களே சொல்லிவிடுங்கள்.